இனிப்பை மறந்த நாக்கு: உதகையில் டேவிட் ஹூப்பர்



எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், ஹெச்-குறியீடு எவ்வளவு? ஓர் ஆய்வாளரை இன்று இப்படித்தான் அளக்கிறோம். பதவி உயர்வு விண்ணப்பங்களில் நானும் இந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். அவற்றுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி, அவர் வேலை பார்த்த இதே உதகையில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரிதாக மதிக்கிறேன்.

டேவிட் ஹூப்பர் 1884-இல் சென்னை அரசின் கொயினா வேதியியலராக இங்கே வந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, பட்டையில் கொயினா தரும் சிங்கோனா மரம் வேரூன்றிவிட்டது. அவருக்கு முன் அந்தப் பணியைச் செய்த ஜான் பிராட்டன் காலத்துக் கேள்வி ஒன்று உண்டு. நீலகிரியின் சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு, அதன் உடன்பிறப்புகளான மற்ற ஆல்கலாய்டுகளே அதிகம். அவையும் மலேரியாக் காய்ச்சலைத் தணிக்குமா? அரசு அமைத்த குழுக்கள் 1866 முதல் 1868 வரை 2,472 பேருக்கு நான்கு ஆல்கலாய்டுகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தன. குணமாகாதவர்கள் 27 பேர்தான். மருந்துகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்ட அந்தச் சோதனை மருந்தியல் வரலாற்றில் இன்னும் பெரிய இடத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பட்டையைச் சோதிப்பதுதான் ஹூப்பரின் உத்தியோகம். ஆனால் அவர் பெயர் நிற்பது ஓர் இலையால். சிறுகுறிஞ்சான் நம் சித்த மருத்துவர்களுக்குப் பழகிய கொடி. அதை மென்றபின் தேநீரில் போட்ட சர்க்கரை தெரியவில்லை என்று எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துக்காரர் முன்பே கவனித்திருந்தார். ஹூப்பர் அதைக் கேள்விப்பட்ட செய்தியாக விட்டுவிடவில்லை. இலையை மென்றார், ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தார். சர்க்கரை மணல்போல் இருந்தது. இஞ்சி ரொட்டியில் இஞ்சியின் காரம் மட்டும் மிஞ்சியது. புளிப்பும் உப்பும் அப்படியே இருந்தன. நாள் முழுவதும் கையாண்ட கொயினாவையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்ததாம்! இந்த மரத்துப்போன நிலை ஒன்றிரண்டு மணி நேரம் நீடித்தது. இலையிலிருந்து பிரித்த அமிலத்துக்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டார். இதையெல்லாம் அவர் எழுதிய கட்டுரையை 1887-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அச்சில் மூன்றே பக்கம்.

கசப்பு மருந்து கொடுக்க இந்த இலையைப் பயன்படுத்தலாமே என்ற ஆசை யாருக்கும் வரும். ஹூப்பர் அதைப் பரிந்துரைக்க மறுத்தார். இலையின் குணம் முழுதாகத் தெரியாத நிலையில், அது மருந்தின் பலனையே கெடுத்துவிடலாம் என்று எழுதினார். அந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான்.

பம்பாயின் டைமாக், கல்கத்தாவின் வார்டன் ஆகியோரோடு சேர்ந்து 'பார்மகோகிராபியா இண்டிகா'வையும் ஹூப்பர் எழுதினார். 1890 முதல் 1893 வரை மூன்று தொகுதிகள். ஒவ்வொரு மூலிகைக்கும் வரலாறு, வேதியியல், நாட்டு மருத்துவப் பயன், தமிழ் உட்பட உள்ளூர்ப் பெயர்கள் எல்லாம் உண்டு. பெயரில் ஒரு பிழை நேர்ந்தால் வேறு செடி மருந்தாகிவிடும் என்பதால், அந்தப் பெயர் வரிசைகளை நான் பெரிய உழைப்பாகவே கருதுகிறேன். பின்னாளில் மலாயாவின் சீன மருந்துக் கடைச் சரக்குகளைப் பற்றியும், எண்பது வயதை நெருங்கும்போது ஈரான், ஈராக் மூலிகைகளைப் பற்றியும் எழுதினார்.

அந்த மூன்று பக்கங்கள் அதன்பின் எங்கெல்லாம் போயின? 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சண்முகசுந்தரம் குழு, சிறுகுறிஞ்சான் சாரத்தை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேரில் ஐவரால் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு. இதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி வாங்குவோரைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹூப்பரின் எச்சரிக்கை அவர்கள் காதுக்கும் எட்ட வேண்டும்.

2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இனிப்பை உணரும் ஏற்பியில் இந்த அமிலம் எங்கே போய் ஒட்டுகிறது என்று காட்டினார்கள். மனித ஏற்பியின் ஒரு பகுதி அது. அதே அமிலம் எலியின் நாக்கில் அப்படி வேலை செய்வதில்லை. உதகையில் ஹூப்பர் அந்த இலையை எலிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் மென்றது தம் வாயில்.