ஒலிநாடா யாருக்குச் சொந்தம்?

(தஞ்சாவூரில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிப்பான்னு நினைச்சு வந்திருப்பீங்க. நான் கணக்கு பேசப்போறேன். வங்கிக் குமாஸ்தாவுக்கு அதுதான் வரும்.

1976 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்கிற பங்க் குழு நாலு பாட்டைப் பதிவு செய்தது. பெரிய கம்பெனி வாசலில் போய் நிற்கவில்லை. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கைமாற்று வாங்கி, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தாங்களே பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 1000 இசைத்தட்டு போட்டார்கள். விற்றுத் தீர்ந்தது. 1978இல் லண்டனில் ஸ்கிரிட்டி பாலிட்டி என்கிற குழு, பதிவுக்கு இவ்வளவு, தட்டு அச்சடிக்க இவ்வளவு என்று செலவுக் கணக்கை உறையிலேயே அச்சிட்டது. யார் வேணும்னாலும் செய்யலாம் என்பதுதான் சேதி. அவங்க பாட்டு எனக்குப் பாதி பிடிக்காது. அந்த உறை பிடிக்கும்.

நம்மிடம் இது இல்லையா? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட சனங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதைப்பற்றி இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை கே. ஏ. குணசேகரன் பாடினார். சேரிக்குச் சேரி அதைக் கொண்டுபோனது மேடையும் ஒலிநாடாவும். ரெண்டு கேசட் போடுற டேப்ரிக்கார்டர் ஒன்று இருந்தால் ஒன்றைப் பத்தாக்கலாம். அப்படிப் படியெடுத்த நாடாவில்தான் சின்னப்பையனாக நானும் கேட்டேன்.

ஆனா எல்லாக் கேசட்டும் அப்படி இல்லை. எங்க பெரியப்பா தப்படிப்பார், பாடுவார். ஒரு கேசட் கடைக்காரர் கூட்டிட்டுப் போய்ப் பதிவு பண்ணினார். ஒரு ராத்திரி வேலை, ஒரு வேட்டி, பஸ் செலவு. அட்டையில் கடைப்பெயர் கொட்டை எழுத்தில். கீழே 'கிராமியக் குழுவினர்' என்று ஒரு வரி. "சாவுக்கு அடிச்சப்பகூட நெல்லு அளந்தான்டா" என்று பெரியப்பா சிரிப்பார். அடிமைத்தொழில் என்று தப்பைத் தூக்கி எறிந்தோம். பிறகு விடுதலைக் கலை என்று கையிலெடுத்தோம். ரெண்டும் சரிதான். மேடை மாறியதும் கூலிமுறை தானா மாறிடுமா என்பதுதான் என் கேள்வி.

2017இல் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார்கள். பெயர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. 19 பேர், அதில் இசைவாணி ஒரே பெண். கானா, ராப், ராக், பறை. இடஒதுக்கீடு பற்றியே ஒரு பாட்டு. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை'. மார்கழி என்ன சபாக்காரங்க பட்டா நிலமா?

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நினைவு அதில் இருக்கு. வெளியிட்டது சினிமாக் கம்பெனி இல்லை, மாஜா என்கிற சுயாதீனத் தளம். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தங்களுக்கு அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. 'சுயாதீனம்' என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீங்க, கணக்கு நோட்டைக் கேளுங்க என்கிறேன்.

நீங்க ஊர் ஊராப் போய்ப் பெரியவங்க பாட்டைப் போன்ல பதிவு பண்றீங்க. பாடினவர் பேர், ஊர், தேதி, கொடுத்த தொகை - எழுதுங்க. கைநாட்டு வாங்கினா, என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு வாங்குங்க. வாசிக்காத தாளில் ரேகை வைக்கிறவங்களை எங்க கவுண்டர்ல தினமும் பார்க்கிறேன்.

பெரியப்பா பாடின கேசட் பையில இருக்கு. நாடா கொஞ்சம் இழுக்கும். யாராவது டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருக்கீங்களா?