உளுந்தை ஊறப் போட்டது யார்?

அவைத்தலைவர் அவர்களே, நூலக வாசகர் வட்டத்தின் பொறுப்பாளர்களே, வரவேற்புரை என்று ஆரம்பித்து என்னுடைய நேரத்தில் பாதியையும் சேர்த்தே பேசி முடித்த அருமை நண்பர் அவர்களே, மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

அழைப்பிதழ்ல எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'அடுப்படியில் ஆண்கள்'. எங்க வீட்டம்மா அதை வாங்கிப் பார்த்தாங்க. பின்பக்கம் திருப்பிப் பார்த்தாங்க. "ஏங்க, இது எந்த ஊர்ல?"ன்னு கேட்டாங்க.

சிரிக்கிறீங்க. நான் பதில் சொல்லத் தெரியாம நின்னேன். ஆனா தமிழ்கிட்ட பதில் இருக்கு. நல்ல சாப்பாட்டுக்கு நம்ம மொழியில என்ன பேரு? நளபாகம். இன்னொண்ணு பீமபாகம். ரெண்டு பேருமே ஆம்பளைங்க. மதுரையில மாதரி வீட்டுல, புகையில கண்ணு சிவக்க, கோவலனுக்குக் கடைசிச் சாப்பாடு சமைச்சுப் போட்டவ கண்ணகி. கண்ணகி பாகம்னு ஒரு வார்த்தை இருக்கா? இளங்கோவடிகள் பாடி வெச்சும் நாம பேர் வைக்கலையே!

எனக்கு ரொம்ப நாள் இது உறுத்தல். அப்புறம்தான் ஒண்ணு பிடிபட்டது. பீமன் எப்போ சமைச்சான்? அஞ்ஞாதவாசத்துல, விராட ராஜா அரண்மனையில, பேரை மாத்திக்கிட்டு. நளன் எப்போ சமைச்சான்? உருவமே மாறிப்போய், வாகுகன்னு பேரு வெச்சுக்கிட்டு, அயோத்தி ராஜாகிட்ட வேலைக்குப் போனப்போ. பார்த்துக்குங்க! நம்ம ஆளு அடுப்படிக்குள்ள காலெடுத்து வைக்கணும்னா அந்தக் காலத்துலயே மாறுவேடம் போட வேண்டியிருந்திருக்கு!

இருங்க, கை தட்டுறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க. ரெண்டு பேருக்கும் அது உத்தியோகம். உத்தியோகம்னா கரண்டிக்குத் தனி மரியாதை. நம்ம பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துறவர் டீ மாஸ்டர். புரோட்டா அடிக்கிறவர் புரோட்டா மாஸ்டர். முப்பது வருஷமா உனக்குத் தோசை சுட்டுப் போடுற அம்மாவை ஒரு நாளாவது மாஸ்டர்னு கூப்பிட்டிருக்கியா? ராமநாதபுரம் சீமையில கலையூர்னு ஒரு ஊர். ஆம்பளைச் சமையல்காரங்களுக்குப் பேர் போன ஊர். கல்யாணம், காதுகுத்துன்னா அவங்களைத் தேடிப் போவாங்க. அந்தக் கைகளுக்கு ஒரு கும்பிடு. அவங்க வீட்டு அடுப்புல அன்னைக்கு யார் உலை வெச்சாங்கன்னு மட்டும் நான் விசாரிக்கணும்.

இந்த இடத்துல ஒரு மனுஷனைப் பத்திச் சொல்லியாகணும். பேர் சொல்ல மாட்டேன். சொன்னா அவருக்குப் பிடிக்காது.

1974, 75 இருக்கும். கோவில்பட்டியில எங்க தெருவுல ஒரு பஸ் கண்டக்டர். அவர் சம்சாரம் விடியறதுக்கு முந்தி தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பிடும். இவருக்கு மத்தியான டியூட்டி. கரிசக்காட்டுத் தண்ணிக் கஷ்டம் உங்களுக்குச் சொல்லணுமா? தெருக்குழாய்ல நாப்பது குடம் வரிசையில நிக்கும். முப்பத்தொன்பது பொம்பளை, நடுவுல இவர். குடத்தை இடுப்புல வெக்க வராது, தோள்ல தூக்கிட்டு வருவார். வீட்டுக்கு வந்து உலை வெச்சு, குழம்பு கூட்டி, மகளுக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத்தான் காக்கிச் சட்டை மாட்டுவார். தெருப் பசங்க பின்னாடியே ஓடுவாங்க, "பாவாடைக் கண்டக்டர்! பாவாடைக் கண்டக்டர்!"னு. அவர் திரும்பி முறைக்க மாட்டார். சட்டைப் பையிலேர்ந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "ரைட், போலாம்"பார். அவ்வளவுதான்.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன் இப்போ உங்க முன்னாடி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

சரி. தலைப்புக்கு வர்றேன். வர விடுறாங்களா? போன மாசம் இன்னொரு ஊர்ல, இன்னொரு மேடையில, ஒரு பெரியவர் முழங்குறார்: "அம்மியில அரைச்ச காலத்துல சுகப்பிரசவம், ஆட்டுக்கல்லை விட்டோம், ஆபரேஷன் வந்துடுச்சு!" ஹாலே தட்டுது. பத்து வருஷமா இதே டயலாக்கை ஊர் ஊராக் கொண்டுபோறார். அவர் யாருன்னு கேட்காதீங்க, உங்களுக்கே தெரியும், இந்த மேடைக்கும் வந்திருக்கார். ஐயா, நான் கேக்குறேன். அம்மி அவ்வளவு அருமையான உடற்பயிற்சின்னா நீங்க ஏன் ஒரு நாள் கூட உக்காந்து அரைக்கல? உங்க வயித்துக்குத்தானே அது ரொம்ப அவசியம்! அந்த அம்மிக் காலத்துல எத்தனை வீட்டுல முதல் பிரசவத்துக்குப் போனவ திரும்பி வரல? எங்க பாட்டி கூடப் பொறந்தவங்க ரெண்டு பேர் அப்படிப் போனவங்க. அவங்க வீட்டுல அம்மி இல்லாமலா இருந்துச்சு? ஆஸ்பத்திரிதான் இல்ல. கைதட்டலுக்காக ஒரு தலைமுறைப் பொம்பளைங்க உசுரை வெச்சு வேடிக்கை காட்டாதீங்க.

கோபத்துல சத்தம் கூடிடுச்சு. மைக்செட் தம்பி, கொஞ்சம் குறைச்சு வைப்பா.

அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதுக்கு நான் கோயம்புத்தூருக்குத்தான் நன்றி சொல்வேன். 1955ல சபாபதின்னு ஒருத்தர் அங்க மோட்டார் வெச்ச கிரைண்டரைக் கொண்டாந்தார். இன்னைக்கு கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. 2011ல அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்னு வீட்டுக்கு வீடு கொடுத்துச்சு. இலவசம்னு சிரிச்ச மேதாவிங்க எல்லாம் யாருன்னு பார்த்தேன். ஒருத்தனும் மாவாட்டினவன் இல்ல. ஆட்டுக்கல் முன்னாடி ஒன்றரை மணி நேரம் குத்தவெச்சவளுக்குத் தெரியும் அந்த ஸ்விட்சோட அருமை. எனக்கு ஒரே ஒரு வருத்தம். புருஷன்காரன் வாங்கிக்காத வேலையை மோட்டார் வாங்கிக்கிச்சு. இவன் மோட்டாருக்கு பில் கட்டிட்டு, "உனக்கு என்ன கஷ்டம் இப்போ?"ன்னு கேக்குறான்.

நான் சும்மா சொல்லல, சர்க்கார் கணக்கே இருக்கு. மத்திய அரசாங்கம் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்கன்னு நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்துச்சு, 2019ல ஒரு தடவை, 2024ல ஒரு தடவை. வீட்டு வேலைக்கு ஒரு பொம்பளை ஒரு நாளைக்கு 299 நிமிஷம். அஞ்சு மணி நேரம்னு வெச்சுக்குங்க. 2024ல அது 289 ஆச்சு. பத்து நிமிஷம் மிச்சம்! எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பத்து நிமிஷத்தை நம்ம ஆளு தோள் கொடுத்து வாங்கிட்டான்னு நெனச்சு அடுத்த வரியைப் பார்த்தா, ஆம்பளைக்கு 97 நிமிஷம் இருந்தது 88 ஆயிருக்கு! அவனும் குறைச்சுட்டான்! அதுவும் கை வெச்ச ஆம்பளைங்க கணக்கு மட்டும்தான். 2019ல நூறு ஆம்பளையில 26 பேர்தான் ஒரு நாள்ல வீட்டு வேலையில கையே வெச்சிருக்காங்க. மிச்சம் 74 பேர் எங்க இருக்காங்க? முன்வரிசை ஏன் தலையைக் குனியுது?

மாறலையான்னா, மாறியிருக்கு. இல்லேன்னு சொன்னா நான் பொய்யன். சென்னையில ரூம் எடுத்துத் தங்குற பையன் குக்கர் வைக்கிறான். துபாய்ல பேச்சிலர் ரூம்ல எட்டுப் பேர் முறை போட்டுச் சமைக்கிறாங்க. திங்கக்கிழமை இவன் முறைன்னா எட்டுப் பேருக்கும் மீன் குழம்பு இவன்தான். நாக்குல நிக்கும். அதே பையன் ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வர்றான். வாசல் தாண்டுறான். சோபாவுல உக்கார்றான். "அம்மா, தண்ணி." அம்மா கொண்டாந்து கொடுக்குறா. கல்யாணம் ஆயிடுச்சுன்னா, "ஏய், தண்ணி." எப்படிய்யா? விமானத்துலேர்ந்து இறங்குறதுக்குள்ள அந்த மீன் குழம்பை எங்க கொட்டினே?

சர்க்கார் பக்கமும் மாறியிருக்கு. 2022ல பள்ளிக்கூடத்துல காலை உணவு வந்துச்சு, மதுரையில ஆரம்பிச்சாங்க. காலைல ஏழு மணி அவசரம் எத்தனையோ தாய்க்குக் குறைஞ்சுது. அங்கேயும் கரண்டி மகளிர் குழு கையிலதான், அதையும் பார்த்துக்குங்க. 2023 செப்டம்பர்ல மாசம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கு மேல குடும்பத் தலைவிகளுக்கு. அதுக்கு உதவித் தொகைன்னு பேர் வைக்கல, உரிமைத் தொகைன்னு வெச்சாங்க. கட்சி பேச நான் வரல. எனக்கு அந்த வார்த்தை பிடிச்சிருக்கு. அதே வருஷம் ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். புருஷன் வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்பின காசுல சொத்து. வீட்டைப் பார்த்துக்கிட்டவளுக்கு அதுல பங்கு உண்டான்னு வழக்கு. உண்டு, சரிபாதின்னுட்டார். அவ அந்த வீட்டுக்கு நிர்வாகி, சமையல்காரி, வைத்தியர், வரவு செலவு பார்க்கிறவர், லீவே இல்லாம 24 மணி நேரமும் உழைக்கிறா, எட்டு மணி நேர வேலைக்காரனுக்கு அது எப்படிக் குறைச்சல்னு கேட்டார். பின்வரிசையில இப்போ ஒரு கைதட்டல் கேட்டுச்சே, இன்னைக்கு எனக்குக் கிடைச்சதுல அதுதான் பெருசு.

என்ன சீட்டு இது? "நேரம்." தெரியுதுங்க. அந்தக் கண்டக்டரை முடிச்சுட்டு உக்கார்றேன்.

நாலு வருஷம் முந்தி எங்க வீட்டம்மா வழுக்கி விழுந்து கால்ல கட்டு. ரெண்டு மாசம் படுக்கை. நான் ரிட்டயரானவன், மேடையில பெண்ணுரிமை பேசுறவன், சுடுதண்ணி வைக்கத் தெரியாதவன். நேரே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். அவருக்கு எண்பது தாண்டிடுச்சு. "அண்ணாச்சி, இட்லிக்கு மாவு எப்படின்னு சொல்லிக் கொடுங்க"ன்னேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுது. பாவாடைக் கண்டக்டர் கதையை ஒரு வார்த்தை எடுக்கல. "நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து"ன்னார். இவ்வளவுதானான்னேன்.

"அளவு யாரும் சொல்லுவான் தம்பி. நாளைக்குக் காலைல இட்லின்னா இன்னைக்கு மத்தியானமே ஒருத்தருக்கு அந்த நெனப்பு வரணும். உளுந்து இருக்கா, தீந்துச்சா, சாயங்காலம் கரண்டு இருக்குமா, புள்ளைக்குச் சளி இருக்கே, இட்லி ஆகுமா ஆகாதா. நான் பதினஞ்சு வருஷம் சமைச்சேன். இந்த நெனப்பு மட்டும் கடைசி வரைக்கும் அவ தலையிலதான் இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிக்கிட்டே, வீட்டுல உளுந்தை யோசிச்சிருக்கா. அவ போனப்புறம்தான் எனக்கு அது தெரிஞ்சுது." சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் எனக்கு டீ போட்டார்.

பாருங்க, அவரே அப்படிச் சொல்றார். நாப்பது குடத்துக்கு நடுவுல நின்ன மனுஷன். நாமெல்லாம் ஞாயித்துக்கிழமை ஒரு சிக்கனை வறுத்துட்டு, பாத்திரத்தை அவளுக்குக் குமிச்சு வெச்சுட்டு, "நான் எங்க வீட்டுல ரொம்ப உதவியா இருப்பேன்"னு சொல்லிக்கிறவங்க. யாருக்கு உதவி? யார் வீட்டுல?

எங்க வீட்டம்மா கால் சரியாயிடுச்சு. ஆனா சனிக்கிழமை மாவு என் பொறுப்புன்னு அன்னைக்கே எழுதி வாங்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு சனிக்கிழமை கூட நான் தவற விட்டதில்லைன்னு பெருமையா...

இன்னைக்கு என்ன கிழமை? சனிக்கிழமைதானே?

ஐயோ. தலைவர் மன்னிக்கணும். இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கிட்டே மத்தியானம் பூரா உக்காந்திருந்தேன். உளுந்து ஊறப் போடல. இப்போ மணி ஒன்பதாகப் போகுது. ரெண்டு மிஸ்டு கால் வேற இருக்கு.

நாளைக்கு எங்க வீட்டுல உப்புமா.