சூசையப்பர் தனியே போகவில்லை

திருக்குடும்பத் திருவிழாவன்று ஒலிபரப்பான மறையுரை



இன்றைய நற்செய்தியில் மத்தேயு ஓர் இரவுப் பயணத்தைக் காட்டுகிறார். ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். வானதூதர் கனவில் தோன்றி, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகும்படி சூசையப்பரிடம் சொல்கிறார். அவர் விடியும்வரை காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகக் கிளம்புகிறார். எகிப்தில் தங்க இடம் உண்டா, தச்சு வேலை கிடைக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் போகும்போது மூவர், திரும்பும்போதும் மூவர். அந்தக் 'கூட்டிக்கொண்டு' என்ற சொல்லில்தான் இன்று நம் மனம் நிற்கட்டும்.

ஏனென்றால் நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சொல்லை வைத்துத்தான் இப்போது திருமணங்கள் பேசி முடிக்கப்படுகின்றன. தாத்தா தோல்ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவர். அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுக்க ஷூவுக்கு மேல்தோல் தைப்பவர். அந்தச் சம்பளத்தோடு சீட்டுப் பணம், நகைக்கடன், வங்கிக் கல்விக்கடன் எல்லாம் சேர்ந்து மகன் வெளிநாடு படிக்கப் போகிறான். முன்பு விசா என்றால் வளைகுடா. கணவன் மட்டும் போவான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான் என்பது பெண் வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரியும். இப்போது விசா என்றால் மாணவர் விசா. தரகர் வந்து உட்கார்ந்து, "பையன் லண்டன்ல படிக்கிறான், கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுவான்" என்கிறார். காபி ஆறுவதற்குள் தேதி குறித்துவிடுகிறோம்.

அன்பர்களே, அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு மாணவர் தம் மனைவியையோ கணவரையோ துணையாக அழைத்துக்கொள்ள முடியாது. பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பவர், அரசு உதவித்தொகையில் படிப்பவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் போவது ஒரு வருட முதுகலைக்கு. அவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல் மாணவரின் துணைவருக்கான வேலை அனுமதி சுருங்கிவிட்டது. 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, பிஎச்.டி., குறிப்பிட்ட சில தொழிற்கல்விகள் ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். ஆஸ்திரேலியாவில் துணைவரைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கும் நிபந்தனை உண்டு, பிறகு சொல்கிறேன்.

இது தெரியாமல் பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டுக் கதையாகச் சொல்கிறேன். ஜனவரியில் திருமணம். இருபதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறுகிறார். பெண் மாமியார் வீட்டில். ஷூ கம்பெனி வேலையை விட்டாயிற்று. 'எப்படியும் வெளிநாடு போகிறவள்தானே' என்று விடச் சொன்னதும் அந்த வீடுதான். ஈஸ்டர் வருகிறது, கிறிஸ்மஸ் வருகிறது. கோவிலுக்கு வந்தால், "என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" என்று ஆளுக்கு ஒருமுறை கேட்கிறோம். அவள் கோவிலுக்கு வருவதே குறைகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் விசாரிக்கவும் இல்லை. கம்மல் எத்தனை கிராம் என்று விசாரித்த இரு வீட்டாரும், அந்த நாட்டில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழச் சட்டம் இடம் தருகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு இது வருத்தத்தை விடக் கோபத்தையே தருகிறது.

திருமணம் முடிந்த கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது அவர்கள் கடமை, அவர்கள் உரிமை என்பது திருச்சபைச் சட்டம். தக்க காரணம் இருந்தால் பிரிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு எத்தனை நாள் என்று தெரிந்து, இருவரும் சம்மதித்து ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். படிப்பு முடியட்டும், வேலை விசா கிடைக்கட்டும், அதற்குப் பிறகு திருமணம் என்று ஒரு வருடம் தள்ளிவைப்பதில் எந்த அவமானமும் இல்லை. நிச்சயம் செய்துவிட்டுக் காத்திருங்கள். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் காத்திருந்தார். ஏமாற்றிய மாமனார் மேலும் ஏழு வருடம் வேலை வாங்கினார் என்பது வேறு கதை.

இனி ஆஸ்திரேலியாவைப் பற்றி. மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, மனைவி கூடப் போகாவிட்டாலும் அவள் பெயரைத் தெரிவிக்க வேண்டும். 'கல்யாணமானவன் என்று எழுதினால் விசா கிடைக்காது' என்று யாரோ சொன்னதை நம்பி, மணமாகாதவன் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிறகு மனைவியை அழைக்கும்போது அந்தப் படிவமே குறுக்கே நிற்கிறது. சொல்லாமல் விட்ட மனைவியைப் பின்னால் சேர்க்க முடியாமல் போகலாம். நம் திருச்சபையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நீங்கள் எந்தக் கோவிலில் தாலி கட்டினாலும், உங்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பங்குக்குச் செய்தி போகும். அங்கே உங்கள் திருமுழுக்குப் பதிவிலேயே திருமணமும் குறிக்கப்படும். ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க வருகிறவர் மணமானவரா என்பதை அந்த ஏடு சொல்லிவிடும். நாட்றம்பள்ளியில் கணவன், மெல்போர்னில் பிரம்மச்சாரி என்று ஒருவர் இரண்டு ஆளாக வாழ முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. நம் பெண் அங்கே மாணவர் விசாவில் படிக்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்ற ஒரு பையனை மணக்கிறாள். இப்போது அவள் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பதானால் மாணவர் விசா காலாவதி ஆகும் முன்பே செய்துவிடுவது பாதுகாப்பு. விண்ணப்பித்ததும் இடைக்கால விசா ஒன்று தருவார்கள். அது மாணவர் விசா முடிந்த பிறகுதான் நடப்புக்கு வரும். அதுவரை வகுப்புக்குப் போவதும், வேலை நேரக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கும். 'விண்ணப்பம் போட்டாச்சு, இனிமேல் காலேஜ் எதற்கு' என்று நின்றுவிட்டால் சிக்கல்தான். கட்டணம் 2024 ஜூலையில் 9,095 ஆஸ்திரேலிய டாலர், ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பிரிட்டனிலும் மாணவர் விசாவிலிருந்து துணைவர் விசாவுக்கு அங்கேயே மாறலாம். சுற்றுலா விசாவில் போய் மாற முடியாது. வருட வருமானம் 29,000 பவுண்டாவது காட்ட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் வரம்பை உயர்த்தினார்கள்.

இந்த விண்ணப்பங்களில் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் பலருக்குக் கசக்கின்றன. வாடகை யார் கட்டுகிறார்? வீட்டு வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? உங்களைத் தம்பதியாக அறிந்தவர் யார்? எதிர்காலத்துக்கு என்ன திட்டம்? 'தாலி கட்டிய பிறகும் எங்களைச் சந்தேகப்படுகிறார்களே' என்று பிள்ளைகள் நொந்துகொள்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் முழுமையாகச் சாய மாட்டேன். திருமணத்துக்கு முன் பங்குத்தந்தையும் உங்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்கிறார் அல்லவா? யாரும் வற்புறுத்தவில்லையே, மனமார்ந்த சம்மதம்தானே என்று. ஞாயிறு தோறும் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர் சொல்லுங்கள் என்று ஊரையே கேட்கிறோம். உண்மையான திருமணத்துக்கு விசாரணை ஒரு தொல்லை மட்டுமே.

தோபித்து நூலை எடுத்துப் பாருங்கள். தோபியா அப்பாவின் பணத்தை வாங்கிவர வெளிநாடு போன பையன். போன இடத்தில் சாராவை மணக்கிறான். பெண்ணின் தந்தை இரகுவேல் என்ன செய்கிறார்? மனைவியை ஏடு கொண்டுவரச் சொல்லி, திருமண ஒப்பந்தத்தை எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருகிறார்கள். எழுத்து முதலில், விருந்து பிறகு. நம் ஊரில் பிரியாணிக்கு ஆள் அனுப்பி அரிசி பார்க்க நேரம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவுசெய்ய மட்டும் நேரம் கிடைப்பதில்லை. விசாவுக்கு முதலில் கேட்கப்போவது அந்தச் சான்றிதழைத்தான்.

பதினான்கு நாள் விருந்து முடிந்ததும் இரகுவேல் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை; தோபியாவோடு அனுப்பிவைக்கிறார். நினிவேயில் மகன் வரும் வழியைப் பார்த்தபடியே இருந்த தாய் அன்னாவின் வீட்டுக்கு மருமகளும் வந்து சேர்கிறாள்.

விசாவுக்காக மட்டும் திருமணம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சாபில் ஆங்கிலத் தேர்வில் தேறிய பெண்ணைப் பார்த்து, அவள் படிப்புச் செலவை மாப்பிள்ளை வீடு ஏற்று, துணைவர் விசாவில் பையனை அனுப்பும் ஒப்பந்தத் திருமணங்கள் பெருகியதைச் செய்தித்தாளில் படித்தோம். யார் யாரை ஏமாற்றினார் என்று பிறகு காவல் நிலையத்தில் நின்றவர்களும் உண்டு. அந்தப் பேச்சோடு ஒரு தரகர் உங்கள் வாசலுக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள். சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் பீடத்தின் முன் சொல்லும் சம்மதம், சம்மதமே ஆகாது. அந்தத் திருமணம் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம். அந்த நாடுகளில் அது குற்றமும்கூட.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. துணைவர் விசாவில் போன மகளை அங்கே கணவன் அடித்தால், 'விட்டு வந்தால் நாடு கடத்திவிடுவார்கள்' என்று சொல்லியே அவளை அடக்கிவைப்பான். அது முழு உண்மை அல்ல. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவரின் துணைவராகப் போன பெண் குடும்ப வன்முறைக்கு ஆளானால், தொடர்ந்து தங்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. நம் நாட்டில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைத் திருமணப் புகார்களுக்கென்றே 2009 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. மகளைப் பெட்டி கட்டி அனுப்பும்போது, ஊறுகாயோடு இந்தத் தகவலையும் வைத்து அனுப்புங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே காத்திருக்கும் மருமகள் உள்ள வீட்டாருக்கு. அவள் மறுபடி வேலைக்குப் போக விரும்பினால் போகட்டும். தாய் வீட்டில் ஒரு மாதம் இருக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். இரவு மகனிடமிருந்து அழைப்பு வரும்போது போனை முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். உங்கள் நலம் விசாரிப்பதைப் பத்து நிமிடம் கழித்துச் செய்யலாம். வரும் ஞாயிறு திருப்பலிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 'எப்போது கிளம்புகிறாய்?' என்று நாங்கள் யாரும் கேட்க மாட்டோம்.