காஹாங் தோட்டத்து அம்மாவும் கைப்பேசி வங்கியும்



குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் சம்பள நாளன்று கிராணியின் மேசைமுன் வரிசையில் நின்று ரொக்கமாக வாங்கிய கூலி இன்று வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்த கையோடு மொத்தத்தையும் ஏடிஎம்மில் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கைப்பேசியில் வங்கி இருந்தும் ஏன் இப்படி?

நம் மலேசியாவில் இணைய வங்கிச் சேவை 2000இலேயே தொடங்கிவிட்டது. 2018 ஜூலையிலிருந்து, 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்குத் தனிநபர்கள் கட்டி வந்த 50 சென்னும் இல்லை. 2020 தொடக்கத்தில் அரசாங்கம் தகுதியுள்ளவர்களின் மின்பணப்பையில் 30 ரிங்கிட் போட்டது. மளிகைக் கடையிலும் டூயிட்நவ் கியூஆர் அட்டை தொங்குகிறது. பயனுள்ளதாகவும் எளிதாகவும் தெரிந்தால்தான் மக்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்று ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். பயன் இங்கே எல்லாருக்கும் தெரிகிறது. தடுப்பது பயம்தான்.

அந்தப் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். வெயிலில் குலை வெட்டிச் சம்பாதித்த காசு, ஒரு பொய்யான அழைப்பில் போய்விடும் காலம் இது. குறுஞ்செய்தியில் வரும் டெக் (TAC) என்ற ஒப்புதல் எண்ணையே மோசடிக்காரர்கள் திருடியதால், அம்முறையைக் கைவிடும்படி 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. ஒருவர் கணக்குக்கு ஒரே கைப்பேசியில்தான் ஒப்புதல் தரலாம் என்ற விதியும் அப்போது வந்ததுதான்.

நல்ல விதி. ஆனால் நம் குடும்பங்களில் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து, அவர் கணக்கை மகன் தன் கைப்பேசியில் பதிந்துகொள்கிறான். மகன் வேலை செய்வது ஜொகூர் பாருவில். அம்மா இருப்பது தோட்டத்தில். பத்து ரிங்கிட் அனுப்பவும் அவர் மகனைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கணக்கு, அவர் கையில் இல்லை.

பயத்தைக் குறைக்க வழிகளும் உண்டு. மளிகைக் கடைக்காரரே வங்கி முகவராகப் பணம் வாங்கவும் கொடுக்கவும் 2012இல் வழி பிறந்தது. தெரிந்த முகம் எதிரே இருந்தால் துணிச்சல் வரும். வங்கிகள் சம்பள வாரத்தில் தமிழ் பேசும் ஊழியர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பினால், எந்த விளம்பரத்தையும்விட அது பலன் தரும்.

பிள்ளைகளே, அம்மாவின் கணக்கை அம்மாவின் கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ஒரு ரிங்கிட்டை அவரையே அனுப்பச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் செயலியை இறக்க வேண்டாம். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.