பெடல் சொல்லுவதைக் கேளுங்கள்
(பழைய கார்களின் பிறேக் பற்றி, தோட்டத்துச் சாரதிகளுக்கு நாரந்தனையிலிருந்து வந்தவர்கள் ஆற்றிய உரை)



நாங்கள் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்து நாரந்தனைக்காரர். எங்கள் தீவு மேடு பள்ளம் இல்லாத தரை. யாழ்ப்பாணம் போவதென்றால் பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்றில் பிறேக் பைப் கறள் பிடிக்கும். 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எஞ்சினுக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடைத்தது. பிறேக்குக்கு மாற்று வழி கிடையாது.

சமதரையில் அரைகுறைப் பிறேக்கோடும் கொஞ்சக் காலம் ஓட்டிப் போடலாம். உங்கள் மலை இறக்கத்தில் அது நடவாது. ஆனால் பிறேக் அநேகமாகத் திடீரென்று போவதில்லை. போகுமுன் பெடல் சொல்லும். அதைத்தான் இண்டைக்குப் பேச வந்தோம்.

1948 முதல் 1971 வரை வந்த மொறிஸ் மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஓயில் வழி. 1960களின் ஆரம்பத்தில் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காரிலும் அப்படித்தான். எங்கேனும் ஓரிடத்தில் ஓயில் ஒழுகிப் போனால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. இப்போதைய கார்களில் வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றது நிற்பாட்டும்.

இனிப் பெடலின் பாசையைப் பாருங்கோ.

பஞ்சு போல அமுங்கினால், வழிக்குள் காற்று.

அழுத்திப் பிடிக்க மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எங்கோ ஒழுக்கு. இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் றப்பர் தேய்ந்து விட்டது.

முதல் மிதிக்குத் தாழப் போய், இரண்டு மூன்று மிதிக்கு மேலே வந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் லைனிங் தேய்ந்து ட்ரம்முக்குத் தூரமாகி விட்டது.

ஒரு பக்கம் இழுத்தால், மறுபக்கத்துச் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது லைனிங்கில் ஓயில் பட்டிருக்கும்.

மிதிக்காமலே ஒரு ட்ரம் சுட்டால், சூ திரும்பி வரவில்லை. உள்ளே வீங்கின றப்பர் ஹோசும் காரணமாகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? சமதரையில் நிற்பாட்டி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கோ. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழே இருக்கிறது. கண்ணுக்குப் படாததால் கனபேர் ஓயில் பார்ப்பதே இல்லை. மாதம் ஒருக்கால் பாருங்கோ. ஓயில் குறைந்துகொண்டே போனால் ஊற்றிவிட்டு இருக்கப்படாது, ஒழுக்கைத் தேடுங்கோ.

லைனிங் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அது நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கோ. சிலிண்டரைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவ வேண்டாம். எஞ்சின் ஓயிலை ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். றப்பர் வீங்கிக் கெட்டுவிடும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான இடது பின் சில்லில் தொடங்குங்கோ. சிறு ரியூப்பின் மறுமுனை, பிறேக் ஓயில் உள்ள போத்தலுக்குள் மூழ்கி இருக்க வேணும். ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் பூட்ட வேணும். குமிழி நிற்கும்வரை இப்படியே. இடையில் மாஸ்டர் சிலிண்டர் வற்ற விடப்படாது. வெளியே வந்த ஓயிலைத் திரும்ப ஊற்றப்படாது.

மலைநாட்டாருக்கு ஒரு விசேடம். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 ஓயில் 230 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் 155 பாகை அளவிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வந்தால் ஓயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். ஆகவே இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஓயிலை மாற்றுங்கோ. ஏறின கியரிலேயே இறங்குங்கோ.

கடைசியாக ஒன்று. பார்ப்பது, அட்ஜஸ்ட் பண்ணுவது, காற்று எடுப்பது வீட்டு வேலை. வெடித்த பைப், ஒழுகும் சிலிண்டர், பிளந்த ஹோஸ் என்றால் கார் அசையப்படாது. ரேப் சுற்றினது அந்த அழுத்தத்துக்கு நில்லாது. ஒரு நாள் கூலி போகுதே என்று இறக்கத்தில் இறங்க வேண்டாம். பின் சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணித் தாயும் பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கலாம். அவர்கள் உங்கள் காலை நம்பித்தான் ஏறுகிறார்கள்.