பாலர்க்கு முதற்பாடம்

(விம்கோ நகரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் நமது சங்கம் பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசளித்து மகிழ்கின்றது. அது நன்றே. ஆயினும் அவ்வகுப்பை எட்டுமுன்னரே, எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டாமல் பின்தங்கும் பிள்ளைகளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ? அக்குறையின் வேர் பெரும்பாலும் நான்கைந்து வயதிலேயே ஊன்றிவிடுகின்றது. ஆதலின் பாலர் கல்வியைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைத் திணித்து, ‘எழுது, எழுது’ என்று அதட்டுவதே கல்வியென நம்மிற் பலர் கருதுகின்றனர். அது முறையன்று. முதலிற் செவி, பின்பு நா, அதன் பின்னரே கண்ணும் கையும். கதை கேளாத குழந்தைக்குச் சொல்வளம் குன்றும். சொல்லறியாத குழந்தைக்கு எழுத்து வெறுங் கோடேயாம்.

‘அம்மா’ என்பதில் முதலில் ஒலிப்பது யாது, அவ்வொலி ‘அணில்’, ‘அடுப்பு’ என்பவற்றிலும் உண்டோ என்று விளையாட்டாய் வினவுக. ஒலி பழகிய பின் உருவத்தைக் காட்டுக. 247 எழுத்துக்களையும் ஒருங்கே சுமத்த வேண்டா. ட, ப, ம என்னும் மூன்றும் வரைதற்கு எளியன. மெய்க்குரிய புள்ளியையும் அறிந்துகொண்டால் படம், பட்டம், மடம் எனக் குழந்தை தானே வாசித்துவிடும். அம்மகிழ்ச்சியே அடுத்த எழுத்துக்கு ஆசான்.

கைப்பழக்கத்திற்கு மணலைப் போன்ற பலகை வேறில்லை. 1789-இல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1907-இல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் பகுதியாகிய சான் லொரென்சோவில் பாலர் இல்லந் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவச் செய்தே கற்பித்தார். அவ்வம்மையார் 1939-இல் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் நம் ஊரும் தொழிலாளர் ஊரே. ஆங்கு இயன்றது ஈங்கு இயலாதோ?

‘எங்களுக்கே எழுத்துத் தெரியாதே’ என்று தாய்மார் சிலர் வருந்துவர். அம்மணிகாள்! வருந்தற்க. செவிக்கும் நாவுக்கும் உரிய முதற்பாடத்திற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. இரவு ஷிப்டு முடிந்து தந்தை உறங்கட்டும்; பாட்டி ஒரு கதை சொல்லட்டும். கடைக்குப் போகையில் கண்ட பொருளுக்கெல்லாம் பெயர் சொல்லுக. குழந்தையின் வீட்டுப் பேச்சை எள்ளி நகையாடற்க. அஃதே அதன் முதல் மூலதனம். அங்கன்வாடிக்கு அனுப்புவதை இழிவென எண்ணற்க.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் பயிற்றுதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அப்பெருமைக்குரிய ஊரினராகிய நாம், பரிசுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கிப் படக்கதைப் புத்தகங்கள் வாங்குவோமாக. ஞாயிறுதோறும் இக்கூடத்தில், எக்குலத்துக் குழந்தையாயினும் வருகவென அழைத்து, ஒரு மணி நேரம் கதை சொல்வோமாக. உச்சிக்கிளைக்குச் சூட்டும் மாலையினும் வேருக்கு வார்க்கும் நீரே பயன் தரும்.