எந்த நுண்செயலி வாங்கலாம்?

(கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. கலந்தாய்வு முடிந்ததும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, "சார், எந்த லேப்டாப் வாங்கலாம்?" வீட்டில் விவரம் தெரிந்தவர் இல்லாததால் நம்மிடம் வருகிறார்கள். பல வீடுகளில் அது நகையை அடகு வைத்து வாங்கும் பொருள். எனவே நம் பதிலில் தெளிவு வேண்டும்.

"கோர் எத்தனை?" என்றுதான் கடையில் முதலில் பேசுவார்கள். கோர் கூடினால் வேகமும் அதே அளவு கூடுமா? விடைத்தாள் திருத்தும் பணியை எண்ணிப் பாருங்கள். ஒருவரே செய்தால் திருத்த 8 மணி நேரம், மதிப்பெண் பட்டியல் தயாரிக்க 2 மணி நேரம், ஆக 10 மணி நேரம். திருத்துவதைப் பங்கிடலாம், பட்டியலை ஒருவர்தான் எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம். 8 பேர் திருத்தினால் மொத்தம் 3 மணி நேரம். 16 பேர் திருத்தினால் இரண்டரை மணி நேரம். ஆள் இரட்டிப்பானும் மிச்சம் அரை மணி நேரமே. எத்தனை பேர் வந்தாலும் 2 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது. ஜீன் ஆம்டால் 1967-இல் கணினிக்குச் சொன்ன விதி இதுதான்.

பொறியியல் மென்பொருள்களிலும் இந்த இரு வகை வேலையும் உண்டு. முப்பரிமாண வரைபடத்தில் ஒரு பாகத்தின் அளவை மாற்றினால், அதைச் சார்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாகவே மாறும். அங்கே ஒரு கோரின் வேகமே முக்கியம். பிளெண்டர் போன்ற மென்பொருளில் படத்தை உருவாக்கும் கட்டத்தைப் பல கோர்கள் பங்கிட்டுக்கொள்ளும்.

பல நிரல்களை ஒரே நேரத்தில் திறந்து வைப்பவருக்கு ரேம் முக்கியம். அது போதாவிட்டால் கணினி வட்டில் எழுதி எழுதிப் படிக்கும். எவ்வளவு நல்ல நுண்செயலியும் காத்துக்கிடக்கும். 8 ஜிபி உள்ள கணினி என்றால், பின்னாளில் கூட்ட இடமுண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. இன்டெல்லின் ஐ7-7500யு-வில் இருப்பது 2 கோர். பின்னர் வந்த ஐ5-12500எச்-இல் 12 கோர். ஐ7 என்பதாலேயே அது உயர்ந்ததாகிவிடாது. எத்தனையாவது தலைமுறை, கடைசி எழுத்து என்ன என்று பார்க்க வேண்டும். 'யு' குறைந்த மின்சாரத்துக்கானது. 'எச்' கனமான வேலைக்கானது. 'எச்' வகை அதிகம் சூடாகும். மெல்லிய உடலில் வெப்பம் வெளியேறாவிட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே, கேட்கும் மாணவரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். எந்தப் பிரிவு? அங்கே என்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள்? கனமான வேலையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்ய முடியுமா? விடை தெரியாவிட்டால், கல்லூரியில் சேர்ந்து துறைப் பேராசிரியரைக் கேட்ட பிறகு வாங்கட்டும். தொடக்க நிலை நிரலாக்கத்துக்கு விலை உயர்ந்த நுண்செயலி தேவையில்லை.

விடைத்தாள் கணக்கை வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். ஆள் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரைந்தால், கோடு எங்கே படுத்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.